வட்டம்

பாபுராவ் தெரு லாட்ஜில் எனக்கு இரவு முறை.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரி,
அதனால் பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
சாவிப் பலகைக்குக் கீழே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
அறை காலி செய்கிறவர்கள் பையைத் தட்டும்போது
மேஜையில் உதிர்கிற செல்லாக்காசெல்லாம் அதற்குள்.

செல்லாது என்றால்
முக்கு டீக்கடை வரைக்கும் செல்லாது, அவ்வளவுதான்.
மாலத்தீவுக் காசில் இரண்டு மீன்.
பர்மாக் காசில் வாய் பிளந்த சிங்கம்.
டாக்காக் காசில் அப்பா அம்மா இரண்டு பிள்ளை,
அளவான குடும்பம்;
பாட்டிலுக்குள் அவர்கள் மட்டும் பதினாறு பேர்.

ஐப்பசி மழையில் வந்தாள் மினதி மொண்டல், பரிசால்காரி.
புருஷனுக்குச் சிறுநீரகம்.
வாடகைக்கு இரண்டு நாள் தவணை கேட்டாள்
இந்தி பாதி, சைகை பாதி.
நான் வாய் திறப்பதற்குள்
முந்தானை முடிச்சு அவிழ்ந்து
கவுண்டர் கண்ணாடி மேல் விழுந்தது ஒரு வெள்ளி.
அந்தச் சத்தம்
என் பாட்டிலில் எந்தக் காசுக்கும் கிடையாது.

கனத்த காசு. அச்சு பெரிது, வெள்ளி சிறிது;
எழுத்துகள் ஓரம் வரை ஓடிவந்து
விளிம்பில் கால் தவறி விழுந்திருந்தன.

அவளிடம் சொல்லாமல்தான் லாங் பஜாருக்கு எடுத்துப்போனேன்.
பாரஸ்மல் தராசில் போட்டார்.
பதினோரு கிராம் சொச்சம்.
உருக்கினால் இவ்வளவு, வட்டம் போக இவ்வளவு என்றார்.
கழிக்கிற காசுக்கு வட்டம் என்று பெயர் வைத்தவன்
கையில் காசு இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

முகமெல்லாம் பொடிப்பொடியாகக் குத்து.
பழைய சராப்புகள் வைத்தது, தம்பி.
சந்தேகப்பட்ட ஒவ்வொருவனும் ஒரு குத்து.
தேறியது என்பதற்கும் அதே குத்துதான் அத்தாட்சி.
எனக்கு
பதினோராம் நம்பர் அறையில் படுத்திருப்பவரின்
இடது கை ஞாபகம் வந்தது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்:
ஒரு தில்லி ராஜா பெயர், ஆட்சி ஆண்டு ஆறு.
ராஜா போய்ச் சேர்ந்த பிறகும்
அச்சில் வருஷம் ஏறவே இல்லையாம்,
வெகுகாலம் ஆறிலேயே நின்றதாம்.
ஊர் ஆற்காடு.
ஆனால் ஆற்காட்டில் அடித்ததில்லை, கும்பினிச் சரக்கு,
சென்னப்பட்டணத்தில் அடித்து
ஆற்காடு என்று போட்டு வங்காளத்துக்குக் கப்பலேற்றியது.
பெயருக்கு அப்படி ஒரு மதிப்பு அப்போது.

உருக்கக் கொடுக்கவில்லை.
நல்லவன் என்பதால் இல்லை;
ரசீதில் யார் பெயர் எழுதுவது என்று பாரஸ்மல் கேட்டார்.

மூன்றாம் நாள் தம்பி அனுப்பிய பணம் வந்து
பாக்கி தீர்த்தாள் மினதி.
காசைத் திருப்பிக் கொடுத்து
இதில் ஆற்காடு என்று எழுதியிருக்கிறது என்றேன்.
ஏழு தலைமுறையாக அவர்கள் வீட்டில்
அரிசிப்பானைக்கு அடியில் கிடந்த வெள்ளி.
எல்லை தாண்டி மூன்று ரயில் மாறி
தன் பெயருக்குப் பதினைந்து மைல் பக்கத்தில் வந்து நிற்கிறது,
இதையெல்லாம் எந்த இந்தியில் சொல்ல?

ஆற்காடா,
அது எந்த பிளாக் என்று கேட்டாள்.
நாலு மணிக்கு ரிசல்ட் வாங்க வேண்டும்.
முடிச்சை இறுக்கிக்கொண்டு
குடை இல்லாமல் சாலையைக் கடந்தாள்.

அடுத்த விடுமுறைக்கு நானே போனேன்.
பாலத்துக்குக் கீழே பாலாறு மணலாய்க் கிடந்தது.
தில்லி கேட் மேலே ஏறி நின்று பார்த்தேன்;
தில்லி தெரியவில்லை.
மக்கன்பேடா கால் கிலோ வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லை என்று
டிக்கெட் முதுகில் பேனாவால் மூன்று என்று எழுதி
அடியில் ஒரு சுழி போட்டுக் கொடுத்தார்,
இறங்கும்போது வாங்கிக்கோ.
இறங்கும்போது அவர் முன்வாசலில் யாரோடோ சண்டையில் இருந்தார்.

லாட்ஜுக்கு வந்து
அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன்.
சத்தமே வரவில்லை.